காவல் அலைகளும் கேட்கும் காதும்: பழைய ஸ்கேனரைக் கணினியோடு இணைப்பது பற்றிச் சில குறிப்புகள்

1

கைக்குள் அடங்கும் பழைய ரேடியோ ஸ்கேனர் ஒன்றை இன்றைய கணினியோடு இணைப்பது எப்படி? ரிப்பேர் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, சிறுபத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் இந்த இணைப்பு ஏன் இவ்வளவு சிக்கலாக இருக்கிறது என்று தோண்டிக்கொண்டே போனால், கடைசியில் போய் நிற்கிற இடம் மின்னணுவியல் மட்டுமாக இருப்பதில்லை. அரசு, சந்தை, சட்டம், காவல்துறை எல்லாம் அங்கே நிற்கின்றன. யார் யாரைக் கேட்கலாம், கேட்டதை யார் சேமித்து வைக்கலாம் என்ற பிரச்சினை அங்கேதான் கிடக்கிறது.

ஸ்கேனர் என்றால் என்னன்னு முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரு வானொலி வாங்கி. நாம் கொடுத்த அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகும். எங்கே பேச்சு இருக்கிறதோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓட ஆரம்பிக்கும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், ரயில், விமானம், நகராட்சிக் குப்பை லாரி என்று அமெரிக்காவில் அதில் விழாத துறை கிடையாது. அதற்குப் பேசத் தெரியாது. கேட்க மட்டுமே தெரியும்.

வானொலி ஒருவழியாகப் பேசிக்கொண்டே இருக்கிறது, கேட்பவரையும் பேசுபவராக மாற்ற வேண்டும் என்று 1932இல் பிரெக்ட் வாதிட்டார். அந்த வாதம் நமது இடதுசாரி வட்டாரங்களில் நன்கு அறியப்பட்டதுதான். ஸ்கேனர் அந்தக் கனவை நிறைவேற்றவில்லை. அது வேறொரு திசையில் போகிறது. வானொலி நிலையம் நம்மை 'நேயர்களே' என்று கூப்பிடுகிறது. கூப்பிட்டவுடனே நாம் நேயர்கள் ஆகிவிடுகிறோம். ஸ்கேனரில் நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. அதிகாரம் தனக்குள் பேசிக்கொள்கிற பேச்சு நம் காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

அல்தூஸர் 1970இல் எழுதிய கருத்தியல் பற்றிய கட்டுரையில் வருகிற தெருக்காட்சியை வாசகர்கள் அறிவார்கள். பின்னாலிருந்து போலீஸ்காரர் கூப்பிடுகிறார், நடந்துபோகிறவன் திரும்புகிறான், திரும்பிய கணத்தில் அவன் தன்னிலை ஆகிறான். இந்தக் காட்சியில் எனக்கு எப்போதும் ஒரு குறை தெரிந்ததுண்டு. கூப்பிடுவதற்கு முன்னால் அந்தப் போலீஸ்காரருக்கு யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள் இல்லையா? எந்தத் தெரு, என்ன நிறம், என்ன சட்டை. கூப்பிடுதலுக்கு முந்தைய அந்தப் பேச்சு அலைவழியாகத்தான் போகிறது. ஸ்கேனர் கேட்பது அதைத்தான்.

2

வரலாற்றுக்கு வருவோம். 1928 ஏப்ரல் 7ஆம் தேதி டெட்ராய்ட் காவல்துறை தன் ரோந்துக் கார்களுக்கு ஒழுங்கான வானொலிச் சேவையைத் தொடங்கியது. அது ஒருவழிப் பேச்சு. தலைமையகம் பேசும், கார் கேட்கும். காரிலிருந்து பதில் சொல்ல முடியாது. 1933இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேயோன் என்ற சிறுநகரம் இருவழிப் பேச்சைக் கொண்டுவந்தது. போலீஸ் வானொலியின் அலைவரிசை அப்போது வழக்கமான ஒலிபரப்புப் பட்டைக்குச் சற்று மேலே இருந்தது. அதனால் வீட்டு ரேடியோப் பெட்டிகளிலேயே கேட்டது. 1930களின் பல அமெரிக்க ரேடியோக்களில் டயலிலேயே 'போலீஸ்' என்று அச்சடித்திருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பமே உட்கார்ந்து போலீஸ் அழைப்புகளைக் கேட்டது. ஆக, போலீஸைக் கேட்பது என்பது பின்னாளில் ஹேக்கர்கள் கண்டுபிடித்த குறும்பு இல்லை. போலீஸ் வானொலியும் அதை ஒட்டுக்கேட்கிற காதும் கிட்டத்தட்டச் சம வயதுக்காரர்கள்.

வீஜி என்ற பெயரில் புகழ்பெற்ற நியூயார்க் புகைப்படக்காரர் ஆர்தர் ஃபெல்லிக், 1938 முதல் அனுமதியோடு தன் காரில் போலீஸ் வானொலி வைத்திருந்தார். குற்றம் நடந்த இடத்திற்குப் பல சமயம் போலீஸோடு போட்டிபோட்டுக்கொண்டு போனார். பத்திரிகைக்குக் கிடைத்த இந்த அனுமதி சாதாரண ஜனங்களுக்குக் கிடைக்கவில்லை. நியூயார்க் உட்படச் சில மாநிலங்களில் வண்டியில் போலீஸ் அலை பிடிக்கும் கருவி வைத்திருப்பது கட்டுப்படுத்தப்பட்டது. வீட்டில் உட்கார்ந்து கேட்கலாம், தெருவில் நகர்ந்துகொண்டே கேட்கக்கூடாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கேட்கிற உடம்பு நகர ஆரம்பித்தவுடனே அது சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது.

அலைகளுக்கும் கலகத்திற்கும் உள்ள உறவுக்கு 1967 நியூவார்க் ஓர் எடுத்துக்காட்டு. ஜூலை 12 அன்று ஜான் ஸ்மித் என்ற கறுப்பின டாக்ஸி ஓட்டுநரைப் போலீஸார் கைதுசெய்து அடித்தார்கள். செய்தி பத்திரிகை வழியாகப் பரவவில்லை. டாக்ஸிகளில் இருந்த ரேடியோ வழியாக ஓட்டுநரிடமிருந்து ஓட்டுநருக்குப் போனது. காவல்நிலையத்தின் முன் கூட்டம் திரண்டது. அடுத்த சில நாட்களில் 26 பேர் செத்தார்கள். பிழைப்புக்காக வைத்திருந்த டாக்ஸி ரேடியோ ஒரே ராத்திரியில் ஒரு சமூகத்தின் தொண்டையாக மாறியது. கருவிகளுக்கு அரசியல் உண்டா என்று கேட்பவர்களுக்கு இதுக்கு மேல என்ன சொல்வது?

3

தொடக்க கால ஸ்கேனர்களில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனித்தனிப் படிகம் வாங்கிச் செருக வேண்டும். 1970களின் நடுவில் படிகம் தேவையில்லாத, பயனரே எண்ணைப் பதிந்துகொள்ளும் ஸ்கேனர்கள் வந்தன. நுண்செயலி உள்ளே புகுந்தது. எண்ணைத் தெரிந்தவன் எதையும் கேட்கலாம் என்ற நிலை வந்தது.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? 1934 தகவல்தொடர்புச் சட்டம், நமக்கு வராத பேச்சைக் கேட்டு அதை வெளியில் சொல்வதைத் தடுத்தது. 1986இல் வந்த மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம் ஒரு வினோதமான பிரிவினையைச் செய்தது. பொதுமக்கள் எளிதாகப் பிடிக்கக்கூடிய போலீஸ், தீயணைப்பு அலைகளைக் கேட்கலாம். செல்போன் உரையாடலைக் கேட்டால் குற்றம். அன்றைய செல்போன் அலைகளோ, எந்த மறைப்பும் இல்லாத சாதாரண பண்பலைப் பேச்சு. அதாவது வீட்டில் கதவு கிடையாது, ஆனால் எட்டிப் பார்த்தவன் குற்றவாளி.

கதவு வைக்கச் செலவாகும். அந்தச் செலவை செல்போன் கம்பெனிகள் தலையில் கட்டுவதற்குப் பதிலாக, 1992இல் அமெரிக்க காங்கிரஸ் காதுகளை அறுக்க முடிவு செய்தது. செல்போன் பட்டையைப் பிடிக்கும் ஸ்கேனர்களைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் 1994 ஏப்ரல் 26 முதல் தடை. அதன்பின் அங்கே விற்பனைக்குத் தயாரான ஸ்கேனர்களில் 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. 824 முதல் 849 வரை ஒன்று, 869 முதல் 894 வரை இன்னொன்று. சட்டத்தைச் சிலிக்கனுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். ஃபூக்கோ பேசிய நுண் அதிகாரத்தை இதைவிட நுண்ணியதாகக் காட்ட முடியுமா தெரியவில்லை. தடைசெய்யும் போலீஸ்காரர் வெளியே நிற்கவில்லை. எண்ணை அழுத்தினால் கருவியே 'பிழை' என்று சொல்லிவிடுகிறது.

தடைக்கு முந்தைய கருவிகள் மக்கள் கையில் இருந்தன, அவற்றை யாரும் பிடுங்க முடியவில்லை. 1996 டிசம்பரில் ஃபுளோரிடாவில் ஒரு தம்பதி தங்கள் ஸ்கேனரில் ஒரு செல்போன் உரையாடலைப் பிடித்துப் பதிவு செய்தார்கள். பேசியவர்கள் நாடாளுமன்றக் கீழவைச் சபாநாயகர் நியூட் கிங்ரிச்சும் அவருடைய குடியரசுக் கட்சிச் சகாக்களும். நெறிமுறைக் குழுவின் நடவடிக்கையைக் கட்சி எப்படிச் சமாளிப்பது என்பதுதான் பேச்சு. அது 1997 ஜனவரி 10 அன்று நியூயார்க் டைம்ஸில் வெளிவந்தது. அந்தத் தம்பதிக்கு அபராதம் விழுந்தது. தடைச்சட்டம் யாருடைய அந்தரங்கத்தைக் காத்தது என்பதை வாசகரே யோசிக்கலாம். 'பழைய' கருவி என்பதன் முதல் அர்த்தம் இங்கே கிடைக்கிறது. புதிய கருவிகளுக்கு மறக்கக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒன்று அதற்கு இன்னும் தெரிந்திருக்கிறது.

4

நான் சில வருஷம் நியூ ஜெர்சியில் இருந்தேன். அங்கே வீட்டு வாசலில் போட்டு விற்கிற பழைய சாமான்களில், 1990களின் இறுதியில் வந்த யூனிடன் கைஸ்கேனர் ஒன்று கிடைத்தது. இதைக் கணினியோடு இணைத்தே தீருவது என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. காரணம் எளியது. ஸ்கேனர் கேட்கும், உடனே மறந்துவிடும். கணினியோடு சேர்த்துவிட்டால் அது மறக்காது. எந்த நேரம், எந்த அலைவரிசை, எவ்வளவு நேரப் பேச்சு என்று எழுதி வைக்கும், குரலையும் பதிந்து வைக்கும். காது ஆவணக்காப்பகம் ஆகிறது. அரசு எப்போதும் தனக்கென்று வைத்துக்கொள்கிற அதிகாரம் ஆவணம்தான். எஃப்.ஐ.ஆர் அவர்கள் எழுதுவது, நாட்குறிப்பு அவர்கள் எழுதுவது, ஜனங்களுக்கு மிஞ்சுவது வதந்தியும் நினைவும். இந்தச் சமநிலையைக் கொஞ்சமாவது அசைக்கிறது ஒரு கேபிள்.

ஆனா அந்த கேபிள் லேசில் மசியாது. அன்றைய கணினியின் பின்புறம் இருந்தது ஒன்பது ஊசி சீரியல் போர்ட். அதன் தரவரையறை ஆர்.எஸ்.232, பிறந்த வருஷம் 1960. தொலையச்சு, மோடம் காலத்துச் சரக்கு. அதில் 'ஒன்று' என்பதற்கு எதிர் மின்னழுத்தம், 'சுழி' என்பதற்கு நேர் மின்னழுத்தம், 3 முதல் 15 வோல்ட் வரை. ஸ்கேனருக்குள் இருக்கும் நுண்செயலிக்கோ 'ஒன்று' என்றால் 5 வோல்ட் அல்லது அதற்கும் குறைவு, 'சுழி' என்றால் ஒன்றுமில்லை. இரண்டையும் நேராகச் சேர்த்தால் ஸ்கேனரின் சிப் கருகும். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 1987இல் வந்த மேக்ஸ்232 என்ற சிப் அந்த வேலையைச் செய்கிறது, ஒரே ஒரு 5 வோல்ட்டிலிருந்து நேர், எதிர் இரண்டையும் அதுவே உண்டாக்கிக்கொள்ளும். சில ஸ்கேனர்களில் இந்த மாற்றி உள்ளேயே இருக்கிறது, சிலவற்றில் கேபிளுக்குள் இருக்கிறது. இது தெரியாமல் எந்தக் கேபிளையும் செருகக்கூடாது.

அடுத்தது அந்த ஒன்பது ஊசிப் போர்ட்டே காணாமல் போனது. 1996இல் யு.எஸ்.பி அறிவிக்கப்பட்டது. 1998இல் வந்த ஐமேக் சீரியல் போர்ட்டே இல்லாமல் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் மடிக்கணினிகளிலிருந்தும் அது உதிர்ந்தது. இப்போது யு.எஸ்.பியைச் சீரியலாக மாற்றும் கேபிள் வாங்க வேண்டும். அது கணினிக்குள் ஒரு பொய்யான போர்ட்டை உண்டாக்கும். ஆனால் அந்தக் காலத்து ஸ்கேனர் மென்பொருள்களில் பல, காம்1 முதல் காம்4 வரை மட்டுமே தேடும். புதிய கணினி காம்7 என்று பெயர் வைத்தால், கையால் மாற்றிக் கொடுக்க வேண்டும். டாஸ் காலத்து மென்பொருள் நேராக வன்பொருளின் முகவரியிலேயே எழுதப் பார்க்கும், இன்றைய விண்டோஸ் அதை அனுமதிக்காது. டாஸ்பாக்ஸ் போன்ற ஒரு போலிக் கணினிக்குள் அதை ஓட விட வேண்டும். எல்லாம் ஒத்துவந்தால், வினாடிக்கு 9600 பிட், 8 பிட் தரவு, ஒரு நிறுத்தப் பிட் என்ற அமைப்பில் சில எழுத்துக் கட்டளைகள் போகும், ஸ்கேனர் பதில் சொல்லும்.

மாற்றிக் கேபிள்களின் கதையும் சும்மா விட வேண்டியதல்ல. 2014 அக்டோபரில், இந்தக் கேபிள்களுக்கான சிப்புகளைச் செய்யும் எஃப்.டி.டி.ஐ நிறுவனத்தின் இயக்கி மென்பொருள், விண்டோஸ் புதுப்பிப்பு வழியாக உலகம் முழுக்கப் போனது. தன் சிப்பைப் போலச் செய்யப்பட்ட நகல் சிப்பைக் கண்டால், அதன் அடையாள எண்ணைச் சுழியாக்கிச் செயலிழக்கச் செய்தது அந்த மென்பொருள். கையிலிருக்கும் கேபிளுக்குள் இருப்பது அசலா நகலா என்று வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? எதிர்ப்புக்குப் பின் அதைத் திரும்பப் பெற்றார்கள். பண்டத்தை வாங்கிய பிறகும் அதன்மேல் கம்பெனியின் கை இருக்கிறது என்பதை மார்க்ஸின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழைய கருவி முதுமையால் சாவதில்லை. பல சமயம் தூரத்திலிருந்து கொல்லப்படுகிறது. லினக்ஸில் இந்த மாற்றிகளுக்கான இயக்கிகள் இன்னும் வேலை செய்கின்றன என்பது ஓர் ஆறுதல். பொதுச்சொத்தாக வைத்திருக்கும் அறிவு நீடிக்கிறது.

எனக்கு இணைப்பு கிடைத்தது. சில வாரம் என் பட்டியல் வளர்ந்தது. பெரும்பாலும் சலிப்பான விஷயங்கள்தான். நாய் குரைக்கிறது, மரம் விழுந்திருக்கிறது, கிழவி கீழே விழுந்துவிட்டாள். நடுநடுவே 'சந்தேகத்துக்குரிய நபர்'. இந்த அழைப்புகளை மட்டும் தனியாகப் பிரித்து மறுபடி கேட்டுப் பார்த்தேன். அவற்றில் பலவற்றில் குற்றம் என்று எதுவுமே இல்லை. நிறம், சட்டை, நடந்துபோகும் திசை, அவ்வளவுதான். ஒரு நாள் மாலை வந்த அடையாளம்: பழுப்பு நிற ஆண், கறுப்பு ஜாக்கெட், மெதுவாக நடக்கிறான். அந்த வர்ணனையில் நானும் இருந்தேன், என்னைப் போன்ற ஆயிரம் பேரும் இருந்தார்கள். ஒரு தடவை காதில் விழுந்தால் அது தற்செயல். தேதி போட்டு வரிசையாக அடுக்கினால் அது அமைப்பு. கணினி செய்தது இதைத்தான்.

5

கைஸ்கேனர்களின் காலம் வேறு வழிகளிலும் முடிக்கப்பட்டது. 2013 ஜனவரி 1க்குள் 512 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான போலீஸ், தீயணைப்பு அலைகள் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலிருந்து 12.5க்குச் சுருங்க வேண்டும் என்று அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் கெடு வைத்தது. பேச்சு மெல்ல மெல்ல டிஜிட்டல் ஆனது. 1989இல் தொடங்கிய பி25 என்ற பொதுத் தரமுறை பரவியது. பழைய ஸ்கேனரில் இப்போது விழுவது உறுமல் மட்டும்தான்.

அந்த உறுமலையும் கணினி வழியாகத் திறக்கப் பார்த்தார்கள். ஹெட்போன் துளையில் வரும் ஒலி வடிகட்டப்பட்டது, அதில் டிஜிட்டல் துடிப்புகள் சிதைந்துபோயிருக்கும். எனவே கருவியைத் திறந்து, ஒலி வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் இடத்திலிருந்து ஒரு கம்பியை வெளியே இழுத்துக் கணினியின் ஒலி அட்டைக்குக் கொடுத்தார்கள். 2010இல் தன் பெயரைச் சொல்லாத ஒருவர் அந்தத் துடிப்புகளைப் பேச்சாக மாற்றும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். குரலைச் சுருக்கும் முறைக்குக் காப்புரிமை இருந்தது. போலீஸின் குரல் அலையில் வருகிறது, அதைப் புரிந்துகொள்ளும் கணிதம் தனியார் சொத்து! 2012இல் இன்னொரு திருப்பம். கணினியில் டிவி பார்க்க விற்ற மலிவான யு.எஸ்.பி டாங்கிளில் இருந்த ஒரு சிப், வடிகட்டாத அலைத் தரவை அப்படியே கொடுக்கும் என்று கண்டுபிடித்தார்கள். அதன்பின் சுமார் 20 டாலரில் கணினியே ஸ்கேனர் ஆனது.

டிஜிட்டல் என்பதும் மறையாக்கம் என்பதும் ஒன்றல்ல, இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. டிஜிட்டல் பேச்சைத் தகுந்த கருவி இருந்தால் கேட்கலாம். மறையாக்கம் செய்த பேச்சைச் சாவி இல்லாமல் எந்தக் கணினியாலும் கேட்க முடியாது. டென்வர் காவல்துறை 2019இல் தன் அலைகளை மறையாக்கம் செய்தது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபோது ஊரூராகப் போராட்டக்காரர்கள் போலீஸ் அலைகளைக் கைபேசியில் கேட்டார்கள். அதன்பிறகு வேகம் கூடியது. சிகாகோவில் 2022இல் பொதுமக்களுக்கு 30 நிமிடத் தாமதத்தோடு ஒலி தருகிற ஏற்பாடு வந்தது. நியூயார்க்கில் 2023 ஜூலையில் புரூக்ளினில் தொடங்கினார்கள்.

சிகாகோவின் அந்த 30 நிமிடம் கோட்பாட்டு ரீதியாக முக்கியமானது என்று எனக்குப் படுகிறது. அதிகாரம் இங்கே ஆவணத்தை விட்டுக்கொடுக்கிறது, நிகழ்காலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நடந்து முடிந்ததை ஆராய்ந்து கட்டுரை எழுதலாம். நடந்துகொண்டிருக்கும்போது தெருமுனைக்குப் போய்க் கேமராவோடு நிற்க முடியாது. 1990இல் பெர்க்லியில் தொடங்கிய காப்வாட்ச் போன்ற குழுக்களின் அரசியலே, போலீஸ் இருக்கும் இடத்தில் சாட்சியாகத் தாமும் இருப்பதுதான். அந்தச் சாட்சியின் கால்களை இந்தத் தாமதம் கட்டிப்போடுகிறது.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரல் பாஸ்டன் குண்டுவெடிப்புத் தேடுதலின்போது ஏராளமானோர் இணையத்தில் போலீஸ் அலையைக் கேட்டார்கள். அந்த இரவில் சம்பந்தமே இல்லாத, காணாமல் போயிருந்த ஒரு மாணவர் குற்றவாளி என்று பரவியது. போலீஸ் அலையிலேயே பெயர் வந்தது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பிறகு பதிவுகளைத் தேடிப் பார்த்தபோது அந்தப் பெயர் அதில் இல்லை. அவர் அதற்குள் இறந்தே போயிருந்தார். காது கூட்டமாகச் சேர்ந்தால் தானாகவே உண்மையின் பக்கம் நிற்கும் என்பது மூடநம்பிக்கை. இன்னொன்று, என் பட்டியலிலேயே ஒரு ராத்திரி ஒரு வீட்டு முகவரியும், புருஷன் அடிக்கிறான் என்று கூப்பிட்ட ஒரு பெண்ணின் பெயரும் பதிவாகியிருந்தன. அந்த வரியை நான் அழித்தேன். அதை வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? அதிகாரத்தைக் கேட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதிகாரமற்றவர்களின் அந்தரங்கத்தில் நிற்கும் ஆபத்து ஸ்கேனர்க்காரர்களுக்கு எப்போதும் உண்டு.

ஆனால் இதற்கு ஒட்டுமொத்த மறையாக்கம்தான் தீர்வா? கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரம் 2021 ஜனவரியில் முழுவதையும் மூடியது. 2022இல் மறுபடி திறந்தது. தனிநபர் விவரங்களைப் போலீஸார் கைபேசி போன்ற வேறு வழிகளில் சொல்லிக்கொள்ளலாம், மற்ற பேச்சு திறந்தே இருக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. ஆக, பாதிக்கப்பட்டவர்களின் அந்தரங்கம், காவல்துறையின் மறைவு ஆகிய இரண்டையும் பிரிக்க முடியும். பிரிக்க முடியாது என்று சொல்வது தொழில்நுட்பம் இல்லை, விருப்பம்.

6

அல்ஜீரிய விடுதலைப் போரில் வானொலி பற்றி ஃபனான் 1959இல் எழுதினார். பிரெஞ்சு அரசு விடுதலை வானொலியை இரைச்சலால் மறித்தது, ரேடியோ விற்பனையையும் பேட்டரி விற்பனையையும் கட்டுப்படுத்தியது. ஜனங்கள் இரைச்சலுக்குள் காதை வைத்து, கிடைத்த துண்டுகளைச் சேர்த்துத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். கேட்பது அங்கே ஒரு கூட்டு உழைப்பு.

நமது நாட்டின் சட்டம் காலனியத்தின் பக்கத்திலிருந்து தொடங்கியது. 1933ஆம் வருஷத்து இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம். தபால் ஆபீசில் போய் ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டு வந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. பொதுச்சொத்தில் பேசுகிற உரிமையைப் பற்றி அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நிறைய விவாதித்தோம். அதில் அரசு பேசிக்கொள்வதைக் கேட்கிற உரிமை பற்றி நாம் ஏறக்குறைய பேசவே இல்லை.

அங்கே இருந்த கேட்கும் உரிமை இப்போது சாவியாலும் தாமதத்தாலும் சுருங்குகிறது. அதே காலத்தில் அரசுகளின் காது நம் கைபேசிகளுக்குள் வரைக்கும் நீண்டிருக்கிறது. சமச்சீரற்ற இந்தக் கேட்டலை எதிர்கொள்ள ஒரு பழைய ஸ்கேனரும் ஒரு கேபிளும் போதாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேபிளைச் செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்க வேண்டும். எந்த ஊசியில் என்ன வோல்ட் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வதும் நாம் செய்கிற வாசிப்பின் ஒரு பகுதிதான்.